விழாத பேணி

பால்மாப் பேணி பத்து வேண்டியிருந்தது.
ஒழுங்கை முழுக்கக் கேட்டுத் திரிந்ததில்
ஒன்பதுதான் சேர்ந்தது.
பத்தாவதில் சுகந்தினி சீனி போட்டு வைத்திருந்தாள்.
சீனியைச் சட்டிக்கு மாற்றிவிட்டு
அதையும் எடுத்துக்கொண்டேன்.

நாளைக்கு யதுஷனாவுக்கு ஏழு வயது.
பெரியகல்லாற்றிலிருந்து கல்லடிக் கானிவலுக்கு
நாலு பேருக்குப் பஸ் காசு, உள்ளே நுழையக் காசு,
சுற்றுகிற குதிரைக்கு, அவள் கேட்கப்போகிற எல்லாவற்றுக்கும்...
சீமெந்துக் கடதாசியில் கூட்டிப் பார்த்தேன்.
பிறகு அதே கடதாசியில்
கோமாளி ஒருவனை வரைந்து
பந்து போக வாயை வெட்டினேன்.
கணக்கு இன்னும் அவன் கன்னத்தில் கிடக்கிறது,
சவரம் செய்யாத தாடி மாதிரி.

சுகந்தினிக்கு நான் சொல்லாத ஒன்று:
கலியாணத்துக்கு முன்னம் மூன்று மாதம்
கிங்ஸ்லி முதலாளியின் கானிவலில்
பேணிக்கடையில் நின்றேன்.
கீழ்வரிசையில் இரண்டு பேணிக்குச்
சீமெந்து குழைத்து ஊற்றியது நான்தான்.
அதுதான் என் முதல் மேசன் வேலை.
மூன்று பந்து ஐம்பது ரூபாய்.
மேலே இருப்பவை பறக்கும்.
கீழே இருப்பது ஆடும், யோசிக்கும், நிற்கும்.
"அச்சொட்டு! மறுகா ஒருக்கா எறிங்க அண்ணன்!"
அப்படிக் கத்துவதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

அக்கரைப்பற்றில் ஒருவர்
மகன் காட்டிய கரடிப் பொம்மைக்காக
பதினெட்டுப் பந்து எறிந்தார்.
பிறகு சட்டைப்பையைத் தடவினார்.
பொடியன் பொம்மையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தான்.

இரவு பதினொரு மணி.
தண்ணிக் குழாயை அறுத்து, வளைத்து,
சோடாப் போத்தலுக்கு எறிகிற வளையம் செய்கிறேன்.
ஆறு வளையம் முடித்துப் போட்டுப் பார்த்தால்
போத்தல் கழுத்துக்கும் வளையத்துக்கும் இடையில்
ஒரு நூல் இடம்.
கை தன்பாட்டில் பழைய அளவை அறுத்திருக்கிறது.
எல்லாவற்றையும் எறிந்துவிட்டு
மறுகா அறுத்தேன்,
இம்முறை என் தலையே போகிற அளவு.

ஸ்பீக்கர்க் காந்தத்தில் கட்டிய தூண்டில்,
வாயில் கிளிப் குத்திய அட்டை மீன்கள்,
உமிக்குள் புதைத்த டொபி,
பள்ளிக்கூட மேசுக்குள் துணி அடைத்த பந்து.
பேணிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டினேன்,
உள்ளே ஒன்றும் இல்லை என்று
எனக்கே காட்டுவதற்கு.

நாலு மணிக்குத் தொடங்கியது.
நாலரைக்கு டொபி முடிந்தது.
எறிந்தவன் எல்லாம் வென்றான்,
எறியாத பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் வென்றது.
"என்ன மாமா இது,
ஊதினாலும் விழுது" என்றான் கேனுஜன்.
பிள்ளைகள் ஒவ்வொருவராக நாய்க்குட்டியிடம் போனார்கள்.
கோமாளி வாயைப் பிளந்தபடி நின்றான்.

அந்த நேரம்தான் யதுஷனா
ஒரு பேணியோடு மதிலுக்குப் பின்னால் போனாள்.
அங்கே என் வேலைக்கு இறக்கிய மணல் கும்பி.
புதுச் சட்டை முன்பக்கம் நனைந்து திரும்பி வந்து
பேணியை நடுவில் வைத்தாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
இதை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கேனுஜன் எறிந்தான். ஒன்பது பறந்தது.
ஒன்று ஆடியது, யோசித்தது, நின்றது.
நாய்க்குட்டியை விட்டுவிட்டு
எல்லாரும் ஓடி வந்தார்கள்.
தோற்றவன் கையிலேயே பந்தைத் திருப்பி வைத்தாள் என் மகள்.
இன்னொன்று. இன்னொன்று.
பதினோராவது எறியில் அது கவிழ்ந்து
ஈர மணல் கொட்டுப்பட,
வென்றவனைவிடத் தோற்றவர்கள் கூடக் கத்தினார்கள்.
அவள் மணலை அள்ளினாள்,
இம்முறை இன்னும் ஒரு பிடி கூட.

"அப்பா, இப்ப நீங்க!"
எறிந்தேன். மேலே இருந்தவை போயின.
எறிந்தேன். கோமாளியில் பட்டது.
மூன்றாவது எங்கே போனதென்று தெரியவில்லை.
கை தன்பாட்டில் சட்டைப்பைக்குப் போயிற்று.
"காசு வேணாம்பா" என்று
மணல் ஒட்டிய பந்தை நீட்டுகிறாள்.
உள்ளே சுகந்தினி சத்தம் போடுகிறாள்,
கேக்கில் எறும்பு ஏறுகிறதாம்.

கொஞ்சம் பொறுங்க.
இது என் நாலாவது பந்து.